நிற்கிற பந்தும் ஓடுகிற பந்தும்

போன மாதம் பெங்களூரிலிருந்து மாப்பிள்ளை போன் செய்தார். பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புக் குடும்பம், கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலை. நரை விழுந்த பிறகு கோல்ஃப் பழக ஆரம்பித்திருக்கிறார். அவருடைய ஆபீசில் மேலே இருப்பவர்கள் எல்லாரும் ஆடுகிறார்களாம், இவர் மட்டும் ஆடாமல் இருந்தால் நன்றாக இருக்காதாம். மனிதர்கள் எதற்கெல்லாம் விளையாட வேண்டியிருக்கிறது பாருங்கள்.

"தூரமா அடிக்கிறது பரவாயில்ல மாமா. குழிக்குக் கிட்ட வந்தப்பறம்தான் எல்லாம் போயிடுது. அந்தக் கிட்டத்து ஆட்டத்துக்கு எந்தப் பந்து வாங்கலாம்? கடையில வகைவகையா வச்சிருக்கான்" என்று கேட்டார்.

"மேல்தோல் மெத்துன்னு இருக்கிற பந்தா பாத்து வாங்குங்க மாப்பிள்ள. நகத்தால அழுத்திப் பாருங்க, லேசா தழும்பு விழணும். எவ்வளவு தூரம் போகும்னு டப்பாவுல எழுதியிருக்கிறதப் பாக்காதீங்க. விழுந்த எடத்துல நிக்குதா, அதப் பாருங்க. ஒரு வகை வாங்கினா அதுலயே ஆடுங்க, தினம் ஒண்ணா மாத்தாதீங்க" என்றேன்.

அவருக்குத் திருப்தி. "நீங்க எந்தப் பந்து வச்சு ஆடுறீங்க மாமா?" என்றார்.

"கெட்டிப் பந்து."

"அது நிக்காதே?"

"நிக்காது" என்றேன். அவர் மேலே கேட்பதற்குள், கரண்ட் வந்துவிட்டது, மோட்டார் போடவேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டேன். கரண்ட் வரவில்லை.

குடவாசலிலிருந்து நன்னிலம் போகிற சாலையில் இறங்கி உள்ளே நடந்தால் எங்கள் ஊர். சுற்றிலும் நெல் வயல்தான். அங்கே ஒருவன் கோல்ஃப் ஆடுகிறான் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் கண்ணால் பார்த்தும் நம்பவில்லை, வெளிநாட்டில் வெயில் தலைக்கேறிவிட்டது என்றுதான் பேசிக்கொண்டார்கள். பேசட்டும். என் அப்பா பண்ணையில் ஆளாக இருந்தவர். அவர் மகன் ஐ.டி.ஐ. படித்தபோதும் இப்படித்தான் பேசினார்கள்.

நான் அந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டது வளைகுடாவில், பாலைவனத்துக்கு நடுவே ஓர் எண்ணெய்க் கம்பெனி முகாமில். அங்கே புல் கிடையாது. வெள்ளைக்காரர்கள் மணலிலேயே ஆடினார்கள். ஆடுகிற ஒவ்வொருவரும் பச்சை பிளாஸ்டிக் புல் ஒட்டிய சின்னப் பாய்த்துண்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, பந்து விழுந்த இடத்தில் அதை விரித்து, அதன்மேல் பந்தை வைத்து அடிப்பார்கள். குழி இருக்கிற வட்டத்தில் மட்டும் கழிவு எண்ணெயை மணலில் கலந்து உருளை விட்டு இறுக்கியிருக்கும். அந்த வட்டங்களைத் துடைப்பத்தால் சமன்படுத்துவது எங்கள் பராமரிப்புக் கூட்டத்தின் வெள்ளிக்கிழமை வேலை. ஊருக்குப் போகும்போது ஒரு ஃபோர்மேன் தன் மட்டைகளில் பாதியை எனக்குத் தந்துவிட்டுப் போனார். அவர்கள் எல்லாரும் ஏசி அறைக்குள் போனபிறகு, உச்சி வெயிலில், நான் மட்டும் ஆடுவேன்.

ஏன் அந்த ஆட்டம் என்று கேட்டால், அதற்கு இன்னொரு ஆள் தேவையில்லை. சீட்டுக்கு நாலு பேர் வேண்டும், வாலிபாலுக்கு இரண்டு பக்கமும் கூட்டம் வேண்டும். எங்கள் கொட்டகையில் இருந்தவர்கள் ஷிஃப்ட்டு ஷிஃப்ட்டாகத் தூங்கினார்கள். கோல்ஃபில் நானும் பந்தும் போதும். தனியாக இருப்பதை ஒரு வேலையாக மாற்றிக்கொள்ள எனக்கு வேறு வழி தெரியவில்லை.

பந்து விஷயமும் அங்கேதான் பிடிபட்டது. அந்தக் காலத்தில் இரண்டு சாதிப் பந்துதான். ஒன்று, உள்ளே ஒரே கட்டி, மேலே கெட்டியான ஓடு. கல்லில் அடித்தாலும் கீறல் விழாது, தூரமாகப் போகும், விழுந்த இடத்திலிருந்து இன்னும் ஓடும். இன்னொன்று, உள்ளே ரப்பர் நூலை இறுக்கிச் சுற்றிச் சுற்றி, மேலே மெல்லிய தோல் போர்த்தியது. மட்டை அதைத் தொடும்போதே பிடிப்பு கையில் தெரியும். தரையில் ஒரு முறை துள்ளும், இரண்டாவது துள்ளலில் எதையோ மறந்துவிட்டுத் திரும்புகிற ஆள் மாதிரி தயங்கி நின்றுவிடும். விலை அதிகம், ஆயுசு குறைவு. பழகாத கை மட்டையின் விளிம்பால் அடித்துவிட்டால் தோல் வெட்டுப்பட்டு வாய் பிளந்துவிடும். அதனால் புதிதாக ஆடுகிறவனிடம் மென்பந்தைத் தரக்கூடாது என்பது முகாமில் எல்லாருக்கும் தெரிந்த சட்டம்.

ஊர் திரும்பும்போது மட்டைகள், அந்தப் பச்சைப் பாய், ஒரு பை நிறையப் பந்துகள் கொண்டுவந்தேன். கெட்டிப் பந்துகள் நிறைய இருந்தன. மென்பந்துகள் கொஞ்சம்தான். நெல்லைப் பல்லில் கடித்து ஈரம் பார்ப்பதுபோல் ஒவ்வொன்றையும் நகத்தால் அழுத்திப் பிரித்து வைத்தேன். செய்வதற்கு வேறு வேலையும் இருக்கவில்லை. என் மனைவி நான் வருவதற்கு முந்தின வருஷமே போய்ச் சேர்ந்துவிட்டாள். அவளுக்காகப் போட்ட மாடி வீட்டில் அவள் குடிவரவே இல்லை. மகள் பட்டணத்து விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். சாயங்காலமானால் அந்த வீட்டில் என் செருப்புச் சத்தம் எனக்கே பிடிக்காது.

நிலத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். என் அப்பா கடைசிவரை சேற்றில் நின்ற வயலைத்தான் நான் வாங்கினேன். பண்ணைக்காரர் வாரிசுகள் மதராசில் குடியேறிவிட்டார்கள், விற்றால் போதும் என்றிருந்தார்கள். காரணம், அதில் குத்தகைக்காரன் இருந்தான். பதிவு பெற்ற குத்தகை. நிலம் யாருக்கோ, நடவு யாருக்கோ என்றிருந்த ஊரில், புதிய ஆட்சி வந்து குத்தகைக்காரர்கள் பெயரைப் பதிவேட்டில் ஏற்றிய நாளிலிருந்து அவர்களை யாரும் அசைக்க முடியாது. நியாயமான சட்டம்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குத்தகைக்காரன் என் கூட்டாளியாக இருந்துதொலைத்தானே.

தொடக்கப் பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன் அவன். அவன் அப்பாவும் என் அப்பாவும் ஒரே பண்ணையில் ஒரே நுகத்தடியில் நின்றவர்கள். பிற்பாடு அவன் அப்பாவுக்குக் குத்தகை கிடைத்தது, என் அப்பாவுக்குக் கிடைக்கவில்லை. நிலம் விலைக்கு வருகிறது என்று தெரிந்ததும், வெளியார் யாராவது வாங்கி அவனோடு மல்லுக்கு நிற்பதைவிட நம் ஆள் நான் வாங்கினால் நல்லதுதானே என்று நினைத்தேன். மைத்துனர் மூலமாகப் பத்திரம் முடிந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. குத்தகையில் இருக்கிற நிலத்தை வாங்கப்போகிறவர், முதலில் வெற்றிலை பாக்கோடு குத்தகைக்காரர் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொல்லவேண்டும். நான் பாலைவனத்தில் இருந்தேன். லீவில் வரும்போது நேரில் போய்ச் சொல்லி அவனை அசத்தலாம் என்றிருந்தேன். அவனுக்கு அதற்குமுன் டீக்கடையில் யாரோ சொல்லிவிட்டார்கள். இன்றைக்கும் சொல்வேன், தப்பு என்னுடையது இல்லை. அவனைக் கேட்டால் அவனுடையதும் இல்லை என்பான்.

நான் ஊரோடு வந்த முதல் நாள், அதே டீக்கடையில் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றான்.

"வாங்க மொதலாளி. எப்ப வந்தீங்க?"

அதுவரை என்னை 'வாடா' என்று தவிர வேறு விதமாகக் கூப்பிட்டதில்லை அவன். டீயைக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

போதாக்குறைக்கு ஒரு வழக்கு. அவனைக் காலி செய்யச் சொல்லிப் பண்ணைக்காரர்கள் எப்போதோ தஞ்சாவூர் வருவாய் நீதிமன்றத்தில் போட்டது. நிலத்தோடு வழக்கும் என் பெயருக்கு மாறியது. அந்த நோட்டீஸ் கைக்குப் போன நாளிலிருந்து அவன் 'முதலாளி' என்றுகூடக் கூப்பிடவில்லை. பேச்சே நின்றது. வழக்கை எடுத்துவிட எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது. அவன் வந்து ஒரு வார்த்தை கேட்கட்டும் என்று இருந்தேன். வழக்குப் போட்டவனிடம் நான் என்ன கேட்பது என்று அவன் இருந்தான். நிலம் அவன் உழவில் இருந்தது, பட்டா என் பெட்டியில் இருந்தது. எனக்கு வேண்டியிருந்தது இரண்டும் இல்லை. அவன் ஒருமுறை பழையபடி 'வாடா' என்று கூப்பிடவேண்டும், அவ்வளவுதான். அதை யாரிடம் போய்ச் சொல்வது?

என் கொல்லை முடிகிற இடத்தில் ஒரு சின்ன வாய்க்கால். அதைத் தாண்டினால் நிலத்தோடு சேர்ந்த நெல்லடிக்கிற களம். களத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வரப்பு, வரப்புக்கு அப்பால் அவன் வீடும் வைக்கோல் போரும். கொல்லையிலிருந்து களத்தின் நடுவுக்கு, ஒரு தென்னை மரத்தைச் சாய்த்துப் போட்டால் எட்டுகிற தூரம். கிட்டத்து ஆட்டத்துக்கு அதைவிடப் பொருத்தமான இடம் அந்த முகாமில்கூட இல்லை. கதிரடிப்புக்காகக் களிமண் போட்டுக் கெட்டித்துச் சாணி மெழுகிய தரை. மழைத் தண்ணீர் வடிவதற்காக அவன் வீட்டுப் பக்கம் லேசாகச் சரிந்திருக்கும்.

கொடி நட்டதில்தான் முதல் சங்கடம். குழி எங்கே என்று தெரிய ஒரு மூங்கில் குச்சியில் சிவப்புத் துணி கட்டினேன். மறுநாளே விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர் ஒருவர் வந்து, எப்போது சேர்ந்தீர்கள், சொல்லவே இல்லையே என்று கையைக் குலுக்கினார். கறுப்புத் துணி கட்டினால் சிவப்பு எங்கே என்றார்கள். பச்சை கட்டினேன், மிராசுதார்கள் சங்கத்துக்குப் போய்விட்டான் என்று பேச்சு வந்தது. மஞ்சள் கட்டினால் மாரியம்மனுக்கு என்ன வேண்டுதல் என்று பெண்கள் விசாரித்தார்கள். எங்கள் ஊரில் சும்மா ஒரு துணி காற்றில் ஆட வழியில்லை. கடைசியில் பழைய கட்டம்போட்ட கைலியைக் கிழித்துக் கட்டினேன். கைலிக்கு யாரும் உரிமை கொண்டாடவில்லை.

பந்தைத் தேர்ந்தெடுக்கும் வேலை அதற்குப் பிறகு தொடங்கியது. கெட்டிப் பந்து களத்துக்கு ஒத்தே வரவில்லை. என்னதான் மெதுவாக உயர்த்திப் போட்டாலும், விழுந்து, துள்ளி, சரிவில் உருண்டு, வரப்பைத் தாண்டி அவன் வாசலுக்குப் போய்விடும். அங்கே போய் எப்படி எடுப்பது? வழக்கில் எதிர்க்கட்சிக்காரன் வாசலில், கையில் ஒரு மட்டையோடு போய் நின்றால் ஊர் என்ன நினைக்கும்? போன பந்து போனதுதான். மென்பந்து அப்படி இல்லை. பாயில் வைத்துச் சுத்தமாகத் தொட்டால், ஒரு துள்ளல், ஒரு தயக்கம், கைலிக்குப் பக்கத்தில் நின்றுவிடும். விடியற்காலையில் ஆடக்கூடாது, பனி ஈரத்தில் மட்டைக்கும் பந்துக்கும் நடுவே வழுக்கும். சித்திரை வெயிலில் பந்தை வெளியே வைத்தால் தோல் இளகிவிடும். வெயில் தாழ்ந்தபிறகு ஈரமில்லாத தரையில் ஆடுவதுதான் சரி. எங்கள் களத்தில் கிட்டத்து ஆட்டத்துக்கு ஏற்றது மென்பந்துதான் என்று தீர்மானமாகத் தெரிந்தது. பந்து என் எல்லையை விட்டுத் தாண்டவே தாண்டாது. ஒரு சொல்லும் பேசாமல் காலம் தள்ள அதைவிட நல்ல பந்து உலகத்தில் கிடையாது.

அறுப்பு வந்தது. வழக்கமாக அறுப்புக்கு முன் அவன் மனைவி களத்தைப் பெருக்கி மெழுகுவாள். அந்த வருஷம் அவர்கள் களத்தில் காலே வைக்கவில்லை. கதிரை எல்லாம் தார் ரோட்டுக்குக் கொண்டுபோய் அடித்தார்கள். பஸ் ஏறி நெல் நசுங்கினாலும் பரவாயில்லை என்று இருந்தார்கள். களம் வெடிக்க ஆரம்பித்தது. நானே சாணி கரைத்து மெழுகினேன். என் அம்மா மெழுகிப் பார்த்து வளர்ந்தவன்தான், ஆனால் பார்ப்பது வேறு, குனிந்து செய்வது வேறு. கெட்டியாகப் பூசிவிட்டேன். வெயிலில் அது அப்பளம் மாதிரி பெயர்ந்து எழும்பியது. வரப்புக்கு அப்பால் அவன் மனைவி அதைப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனாள். அந்தச் சிரிப்புகூட எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது.

அறுத்த வயலில் வாத்துக்காரர் மந்தையோடு வந்து இறங்கினார். காலையில் அவர் நெல்லறுத்த தாளுக்கு நடுவே முட்டை பொறுக்கும்போது, முன்பு வயல் பக்கம் உருண்டு தொலைந்த கெட்டிப் பந்துகளும் கூடையில் சேர்ந்துவிட்டன. அவற்றை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்.

"இது எந்த வாத்து போட்டதுங்க? அவிக்கப் போட்டா அவியவே மாட்டேங்குது."

"எங்கிட்ட கொண்டுவரச் சொன்னது யாரு?" என்று கேட்டேன்.

"அந்தப் பக்கத்து வீட்டுக்காரருதாங்க. அங்க ஒருத்தரு தனியா வெளையாடுவாரு, அவரோடதுன்னு சொன்னாரு."

ஒருத்தரு. பந்துகளை வாங்கி வைத்துவிட்டு அன்றைக்கு ஆடப் போகவில்லை. எனக்குப் பெயர் இல்லையா என்று கோபம் வந்தது. கோபம் அடங்கினபிறகு, 'தனியா' என்று அவன் சொல்லியிருக்கிறான் என்பதுதான் மனதில் நின்றது.

வாய்தாவுக்கு இருவரும் ஒரே பஸ்ஸில்தான் தஞ்சாவூர் போவோம். எங்கள் ஊருக்கு இருந்ததே அந்த ஒரு பஸ். அவன் முன்பக்கம் ஏறினால் நான் பின்பக்கம். கோர்ட்டு வாசலில் ஒரே கடையில் ஆளுக்கொரு பக்கம் திரும்பி இட்லி தின்போம். வக்கீல்கள் இருவரும் சிரித்துப் பேசிக்கொண்டே வந்து, தள்ளி வைத்திருக்கிறார்கள் என்று சொல்வார்கள். ஒருமுறை திரும்பி வரும்போது பஸ்ஸில் சரியான கூட்டம். கும்பகோணத்தில் பாதிப் பேர் இறங்கியும் ஒரே ஓர் இடம்தான் காலி, அது அவன் பக்கத்தில். கண்டக்டர், "உக்காருங்க சார், எடம் இருக்குல்ல" என்றார். அவன் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். நான் குடவாசல் வரை நின்றுகொண்டே வந்தேன். அவன் மடியில் இருந்த பையைப் பக்கத்து இடத்தில் வைத்திருந்தால்கூட எனக்கு மானம் மிஞ்சியிருக்கும். அவன் வைக்கவில்லை. அந்த இடம் வழிநெடுகக் காலியாகவே இருந்தது.

அன்று வீட்டுக்கு வந்து சட்டையைக்கூட மாற்றாமல் பையை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். கையில் மென்பந்துதான் வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இதை அடித்தால் எங்கே நிற்கும் என்று எனக்குத் தெரியும். நாளைக்கு அடித்தாலும் அங்கேதான் நிற்கும். எனக்குச் சலிப்பாக இருந்தது, சலிப்பு என்றுகூடச் சொல்லக்கூடாது, அழுகை வந்தது. அதைப் பையில் போட்டுவிட்டுக் கெட்டிப் பந்து ஒன்றை எடுத்துப் பாயில் வைத்தேன். தெரிந்தேதான் செய்தேன். பந்து களத்தில் விழுந்து, துள்ளி, கைலியைத் தாண்டி, வரப்பைத் தாண்டி, அவன் வைக்கோல் போருக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டது. இருட்டும் வரை நின்றேன். யாரும் வரவில்லை.

மறுநாளும் கெட்டிப் பந்து. அதற்கு மறுநாளும். ஒரு சாயங்காலம், அடித்துவிட்டு மட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவன் வரப்பில் ஏறி நின்றான். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தான், ஒரு கையில் அன்றைக்கு ஓடிய பந்து. களத்துக்குள் கால் வைக்கலாமா என்று ஒரு நொடி யோசித்தது தெரிந்தது. பிறகு நடந்து வந்து, கைலிக்குப் பக்கத்தில் பந்தை வைத்தான்.

"பந்த மாத்திட்டியா?" என்றான்.

தலையை ஆட்டினேன்.

"பழைய பந்து நல்லா நின்னுச்சே. அதையே வச்சுக்க. இது ஓடுது."

திரும்பிப் போய்விட்டான். நான் அங்கேயே பாய்மேல் உட்கார்ந்துவிட்டேன். என் கிட்டத்து ஆட்டத்துக்கு எந்தப் பந்து சரி என்று எனக்குத் தெரிந்த அளவுக்கு அவனுக்கும் தெரிந்திருந்தது. எந்தப் பந்து ஒரு துள்ளலில் நிற்கும், எது வரப்பைத் தாண்டும் என்று ஒருநாள் இரண்டுநாள் பார்த்துச் சொல்ல முடியாது. இத்தனை சாயங்காலமும் நான் தனியாக ஆடவில்லை. போருக்குப் பின்னாலோ வாசல் நடையிலோ உட்கார்ந்துகொண்டு அவன் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். சண்டாளன், ஒரு இருமல் இருமியிருக்கக் கூடாதா?

அவன் சொன்னதைக் கேட்டு நான் பந்தை மாற்றவில்லை. கெட்டிப் பந்திலேயே ஆடினேன். அவன் எடுத்து வந்து வைப்பான். "சொன்னா கேக்குறியா?" என்பான் சில நாள், சில நாள் ஒன்றும் சொல்லமாட்டான். உட்கார்ந்து பேசினோம் என்றெல்லாம் இல்லை, இரண்டு பேருக்கும் அந்தச் சாமர்த்தியம் போய்விட்டது. அடுத்த அறுப்புக்கு அவன் மனைவி களத்தை மெழுகினாள். கதிரடிப்பு முடியும் வரை நான் மட்டையைத் தொடவில்லை. வழக்கை நான் வாபஸ் வாங்கியதாக ஊரில் பேச்சு. வாங்கவில்லை. வாய்தா அன்றைக்கு இருவருமே போகவில்லை. அடுத்ததற்கும் போகவில்லை. ஆள் வராததால் தள்ளுபடி ஆகிவிட்டதாக வக்கீல் சொல்லி அனுப்பினார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தபோது ஆறு ஏமாற்றியது. ஆனியில் மேட்டூர் திறக்கவில்லை. குறுவை போயிற்று. சம்பாவுக்கு நாற்று விட்டு, நாற்றங்காலிலேயே காய்ந்தது. அடுத்த வருஷமும் அப்படித்தான். எங்கள் இருவருக்கும் நடுவே அத்தனை வருஷம் கிடந்த நிலம், யாருக்கும் வேண்டாமல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வெடிப்புக்குள் விழுந்த பந்தை எடுக்க முடியாது. அவன் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். அங்கே வாட்ச்மேன் வேலை இருக்கிறது என்று அப்பாவைக் கூப்பிட்டான்.

அவன் வந்து சொன்னது களத்தில் நின்றபடிதான். "நெலத்த நீயே பாத்துக்க. நான் எழுதிக் குடுத்துடுறேன்."

"எனக்கு எதுக்கு நெலம்? நீ இரு" என்றேன். அதை அன்றைக்குத்தான் வாய் திறந்து சொன்னேன்.

"தண்ணி வந்தா இருப்பேன்" என்றான்.

தண்ணீர் வரவில்லை. கிளம்புகிற அன்று காலையில் சாமான்களைச் சின்ன லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் போய் நிற்க மனமில்லாமல் கொல்லையில் பாயை விரித்துக்கொண்டு, அடிக்காமல் நின்றிருந்தேன். அவன் வாய்க்காலைத் தாண்டி என் பக்கம் வந்தான். வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் இல்லை, சருகுதான்.

"நானும் ஒரு தடவ அடிச்சுப் பாக்குறேன். இத்தன நாளு பொறுக்கிப் போட்டேன்ல."

பைக்குள் கையை விட்டேன். கெட்டிப் பந்துகள் நிறைய இருந்தன. அவன் எப்படி அடித்தாலும் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. மென்பந்தில் கீறல் விழாதது ஒன்றே ஒன்று மிச்சம். புதிய கையிடம் அதைத் தரக்கூடாது. தந்தால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதைத்தான் எடுத்துப் பாயில் வைத்தேன்.

அவன் உள்ளங்கையில் எச்சில் தொட்டுக்கொண்டு, மண்வெட்டி பிடிப்பதுபோல மட்டையைப் பிடித்தான். கண்ணை மூடிக்கொண்டு ஒரு வெட்டு வெட்டினான். பந்து எழும்பவே இல்லை. தரையோடு தரையாகச் சீறிக்கொண்டு போய், களத்தைக் கடந்து, வரப்பில் மோதித் தாவி, அப்போதுதான் பூட்டியிருந்த அவன் வீட்டு வாசற்படியில் போய் இடித்தது.

அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "என்னடா, ஒன் நல்ல பந்தும் ஓடுது."

மட்டையை என் கையில் கொடுத்தான். லாரி ஹார்ன் அடித்தது. போய்விட்டான்.

வெயில் ஏறினபிறகு போய் அந்தப் பந்தை எடுத்தேன். தோல் நன்றாக வாய் பிளந்திருந்தது, உள்ளேயிருந்து ரப்பர் நூல் ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதை இனி அடிக்க முடியாது. பீரோவில் வைத்திருக்கிறேன். நூல் பிரிந்துகொண்டே போகும் என்பதால் அதைத் தொடுவதில்லை.

திருப்பூரிலிருந்து அவன் திரும்பவில்லை. ஊருக்குத் தகவல் வந்தபோது காரியமெல்லாம் முடிந்திருந்தது. அவன் வீடு ஒரு மழையில் சரிந்தது, அந்த இடத்தில் கருவேலம் முளைத்திருக்கிறது. நிலத்தை இப்போது ஒருவர் என்னிடம் குத்தகைக்கு எடுத்துப் பயிரிடுகிறார். அவருக்குக் களம் தேவையில்லை, அறுப்பு இயந்திரம் வயலிலேயே நெல்லாகக் கொட்டிவிடுகிறது. ஆள் வைத்து மெழுகிக்கொள்கிறேன்.

மாப்பிள்ளைக்குச் சொன்னது சரியான பதில்தான். விழுந்த இடத்தில் நிற்கிற பந்தைத்தான் வாங்கவேண்டும். போன வாரம் தீபாவளிக்கு அவரே அப்படிப்பட்ட பந்துகள் ஒரு டப்பா வாங்கி வந்து கொடுத்தார். பிரிக்காமல் அப்படியே இருக்கிறது. சாயங்காலம் நான் கெட்டிப் பந்தை அடிக்கிறேன். அது துள்ளி, களத்தைத் தாண்டி, வரப்பைத் தாண்டி, கருவேலத்தடிக்குப் போய்ச் சேர்கிறது. கொஞ்ச நேரம் நின்று பார்க்கிறேன். பிறகு நானே போய் எடுத்துக்கொண்டு வருகிறேன்.